பின் அறை ஈரமும் ஓயாமல் ஓடும் மெஷினும்

மாலதி அத்தை: காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கிற இந்த டீஹியூமிடிஃபையர் மெஷினை வாங்கச் சொன்னவர்கள் எல்லோரும் கொஞ்சம் இங்கே வாருங்கள். காலையில் போட்டால் ராத்திரி வரை ஓடுகிறது, தொட்டி நிறையத் தண்ணீரும் வருகிறது, ஆனால் பின் அறையில் அந்தப் பூசண வாடை மட்டும் போகவே இல்லை.

கண்ணன்: அத்தை, அந்த அறை ஜன்னல் திறந்திருக்கிறதா?

மாலதி அத்தை: பாதி திறந்துதான் இருக்கிறது. காற்று வர வேண்டாமா?

கண்ணன்: அப்படியானால் வெளியே இருக்கிற ஈரத்தையும் சேர்த்து மெஷின் இழுத்துக்கொண்டிருக்கிறது. மெஷின் ஓடும்போது ஜன்னல், கதவு இரண்டும் மூடியிருக்க வேண்டும்.

பெரியப்பா: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூடி வைக்கிற அறையில்தான் பூசணம் பிடிக்கும். நாங்கள் எல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்தே வீட்டைக் காயவைத்தவர்கள்.

செல்வி: வெளிக்காற்று உலர்ந்திருக்கிற நாளில் நீங்கள் சொல்வது சரி பெரியப்பா, அன்றைக்கு மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து விடலாம், செலவும் மிச்சம். மழை நாளில் திறந்தால் ஈரக்காற்று உள்ளே வந்து குளிர்ந்த சுவரில் பட்டு அங்கேயே தண்ணீராகிவிடும். ஒன்று ஜன்னல், இல்லாவிட்டால் மெஷின். இரண்டும் சேர்ந்து வேண்டாம்.

மாலதி அத்தை: சரி, மூடிவிட்டேன். மெஷினில் ஈரப்பத அளவை எத்தனையில் வைப்பது? 35 வரை குறைக்கலாம் போலிருக்கிறது, குறைத்தால் சீக்கிரம் காயுமா?

செல்வி: காயாது அத்தை, மெஷின் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். 50 சதவீதத்தில் வையுங்கள். 60-க்கு மேலேயே நின்றால் பூசணத்துக்குக் கொண்டாட்டம், ரொம்பக் கீழே போனால் பழைய மரக்கதவும் அலமாரியும் சுருங்கி வெடிப்பு விடும். அப்புறம், மெஷினில் தெரிகிற எண்ணை மட்டும் நம்பாதீர்கள், அது தன் பக்கத்துக் காற்றைத்தான் அளக்கிறது. காற்றின் ஈரத்தை அளக்கிற ஒரு சின்ன ஹைக்ரோமீட்டரை அறையின் எதிர் மூலையில் வையுங்கள்.

பெரியப்பா: பெட்டியில் ஒரு நாளைக்கு 20 லிட்டர் என்று போட்டிருக்கிறது. அதில் பாதி கூட வருவதில்லையே, ஏமாற்று வேலைதானே?

கண்ணன்: அது பெரும்பாலும் 30 டிகிரி சூட்டில், 80 சதவீத ஈரத்தில் அளந்த கணக்கு பெரியப்பா. வீட்டில் அந்த அளவு வராது. அறை குளிரக் குளிர இன்னும் குறையும், கம்ப்ரசர் வைத்த மெஷின் என்றால் 15 டிகிரிக்குக் கீழே உள்ளே இருக்கும் காயிலில் பனி கட்ட ஆரம்பித்துவிடும். அவ்வளவு குளிர்கிற அறைக்கு ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகன்ட் வகைதான் சரி, ஆனால் அது கரண்டை நன்றாகவே தின்னும்.

மாலதி அத்தை: கண்ணா, இந்த அறை என்னவோ சூடாகத்தான் ஆகிறது. மெஷினில் கோளாறா?

கண்ணன்: கோளாறு இல்லை அத்தை. ஆவி தண்ணீராக மாறும்போது வெப்பத்தை விடும், மெஷின் எடுக்கிற கரண்டும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். மெஷினைச் சுவரோடு ஒட்டாமல் அறை நடுவில் வையுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு கை நுழைகிற அளவாவது தள்ளிப் போட்டு, பீரோ கதவையும் திறந்து வையுங்கள், பின்னால் காற்றே போகாத இடத்தில்தான் வாடை குடியிருக்கும். ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். தொட்டியைத் தூக்கிக் கொட்டுவது கஷ்டமாக இருந்தால் பின்னால் ஹோஸ் மாட்டுகிற துளை இருக்கும், ஹோஸ் சரிவாக இறங்க வேண்டும், நடுவில் மேடு இருந்தால் தண்ணீர் தேங்கிவிடும்.

செல்வி: முதல் சில வாரம் தண்ணீர் நிறைய வரத்தான் செய்யும். சுவர், மெத்தை, புத்தகம் எல்லாம் குடித்து வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். அத்தை, சுவரில் ஈரம் எங்கே இருக்கிறது? மேலேயா, கீழேயா?

மாலதி அத்தை: கீழே. முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயின்ட் பொருமிக்கொண்டு வருகிறது.

செல்வி: அப்படியா! அது காற்றிலிருந்து வந்த ஈரம் மாதிரித் தெரியவில்லை. ஒரு அலுமினியத் தாளை அந்த இடத்தில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் நனைந்தால் காற்றில் இருக்கிற ஈரம், அதற்கு மெஷின் போதும். சுவரைப் பார்த்த பக்கம் நனைந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

(இரண்டு நாள் கழித்து)

மாலதி அத்தை: சுவர்ப் பக்கம்தான் நனைந்திருக்கிறது. இப்போது மழை வேறு. குடையோடு வெளியே போய்ப் பார்த்தேன், மாடித் தண்ணீர் இறங்குகிற குழாய் அடியில் உடைந்து சுவரோரமாகவே கொட்டுகிறது.

கண்ணன்: அதை அடைக்காமல் எத்தனை மெஷின் ஓட்டினாலும் வீண். முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

பெரியப்பா: கையோடு அந்தச் சுவரைச் சிமென்டால் நன்றாகப் பூசிவிடலாம். பெயின்டரையும் நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

செல்வி: ஐயோ பெரியப்பா, அது பழைய சுண்ணாம்புச் சுவர், சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். குழாயைச் சரி செய்த பிறகும் அவ்வளவு தடிமனான சுவர் காயப் பல மாதம் ஆகும், அதுவரை ஜன்னலை மூடி மெஷின் ஓடட்டும். பெயின்ட் எல்லாம் அப்புறம்.

மாலதி அத்தை: அண்ணா, பெயின்டருக்கு நீங்களே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.