வேலை போனால் இ.எஸ்.ஐ. கார்டும் செல்லாதா? அப்பாவுக்கு மாத்திரை நிற்கக் கூடாது

வாலாஜா தம்பி:
ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருந்தேன், சம்பளம் 19,000, இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. ஆர்டர் இல்லை என்று அக்டோபர் கடைசியில் எங்கள் லைனையே நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, மாத்திரையெல்லாம் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில்தான். ஆபீஸில் கேட்டால் வேலையோடு கார்டும் போச்சு என்கிறார்கள். இதில் ஒரு ஏஜென்ட் வேறு, குடும்பத்துக்கே மெடிக்கல் பாலிசி போட்டுடலாம், ஸ்டென்ட் விஷயத்தை ஃபாரத்தில் எழுத வேண்டாம் என்று தினமும் போன் பண்ணுகிறார். என்ன செய்யலாம்?

காட்பாடி அக்கா:
கார்டு போகவில்லை தம்பி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளுக்காவது சந்தா போயிருந்தால், அதற்கான பலன் காலம், அதாவது அந்தச் சந்தாவுக்கு வைத்தியம் கிடைக்கும் காலம், அடுத்த ஜனவரி முதல் ஜூன் 30 வரை. இந்த டிசம்பர் வரை ஓடுவது அதற்கு முந்தைய அக்டோபர்–மார்ச் சந்தாவுக்கு. ஆக ஜூன் கடைசி வரை அப்பாவுக்கும் சேர்த்து வைத்தியம் உண்டு. ஆனால் கம்பெனி பிடித்த பணத்தைக் கட்டியதா என்று இ.எஸ்.ஐ. தளத்தில் உங்கள் ஐ.பி. நம்பரை (கார்டில் இருக்கும் காப்பீட்டு எண்) போட்டு இன்றைக்கே பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கும், அங்கே பார்த்தால் ஒன்றும் இருக்காது, இந்தப் பக்கம் நடக்காத கதையா!

ஆற்காடு பாய்:
ராஜினாமா கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்துடாதீங்க தம்பி. ஆட்குறைப்பு என்று எழுத்தில் வாங்குங்க. அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம் என்று ஒன்று, வேலை இழந்தவருக்குச் சராசரி கூலியில் பாதியை 90 நாள் வரை கொடுப்பாங்க, தானாக விலகினவருக்குக் கிடையாது. அதை அவ்வப்போது நீட்டிக்கிறாங்க, அதனால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுட்டு விண்ணப்பம் போடுங்க.

வாலாஜா தம்பி:
சந்தா எல்லா மாதமும் ஏறியிருக்கிறது அக்கா, இப்போதுதான் மூச்சு வந்தது. அப்போ பாலிசியே வேண்டாமா? ஜூனுக்குள் வேலை கிடைக்காவிட்டால்?

காட்பாடி அக்கா:
முடிந்தால் இப்போதே போடுங்கள், ஜூன் வரை காத்திருக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம், அதுவரை அந்த நோய்க்கு கிளெய்ம் கிடைக்காது, இ.எஸ்.ஐ. இருக்கும்போதே அது ஓடத் தொடங்கட்டும். ஸ்டென்ட்டைக் கட்டாயம் எழுதுங்கள். மறைத்தால் நாளைக்கு கிளெய்மை நிராகரிப்பார்கள், அந்த ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார்.

கையில் பணம் இல்லையென்றால் முதலமைச்சர் காப்பீடு. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம், வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும். உங்கள் பழைய சம்பளம் அதைத் தாண்டும், அதனால் வி.ஏ.ஓ.விடம் ஆட்குறைப்புக் கடிதத்தைக் காட்டிப் பேசுங்கள். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸ் கவுன்டர். நீங்கள் வாலாஜா என்பதால் ராணிப்பேட்டைதான், 2019-ல் மாவட்டம் பிரிந்த பிறகும் வேலூருக்கு வந்து திரும்பிப் போகிறவர்கள் உண்டு. ஒன்று, அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்குத்தான், மாத மாத்திரைக்கு ஆகாது. பி.பி., சுகர் மாத்திரை என்றால் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும், இதய மாத்திரையில் எதெல்லாம் தருவார்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

ஆற்காடு பாய்:
அடுத்த கம்பெனியில் சேரும்போது பழைய ஐ.பி. நம்பரையே கொடுங்க. அவசரத்தில் புதுசா ஒன்று போட்டுடுவாங்க, அப்புறம் இரண்டையும் சேர்க்க அலைய வேண்டியிருக்கும்.