கார்பென்டசிம் ஊறிய மண்ணை பாக்டீரியாவால் சரிசெய்ய முடியுமா?

கேள்வி: சிங்கப்பூர் ஜூரோங் பக்கம் வாடகைத் தோட்டப் பாத்தி. முன்பு வைத்திருந்தவர் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை நிறைய ஊற்றியிருக்கிறார். சூடோமோனாஸ் பாக்டீரியாப் பொடி போட்டால் போதுமா அண்ணா?

பதில் 1: மருந்து எதுவென்று முதலில் உறுதி செய்யுங்க. காப்பர் வகை என்றால் மண்ணை மாற்றுவதுதான் வழி. செம்பு தனிமம், எந்த பாக்டீரியாவாலும் உடைக்க முடியாது. கார்பென்டசிமை ரோடோகாக்கஸ், நோகார்டியாய்டிஸ் என்ற பாக்டீரியா இனங்களில் சில உடைக்கும். கடைச் சூடோமோனாஸ் நோயை அடக்கத் தேர்ந்த ரகம், மருந்தைத் தின்னும் என்று நம்பாதீங்க. மண்ணில் இருப்பதையே வளர்க்கலாம்: 5 செ.மீ. கனத்துக்கு நன்கு மட்கிய கம்போஸ்ட் பரப்பி, மேல்மண் 15 செ.மீ. ஆழம்வரை கலந்து, வாரம் ஒருமுறை கிளறுங்க. கையில் பிடித்தால் உருண்டையாகணும், தண்ணீர் சொட்டக்கூடாது. சொட்டினால் காற்று போகாது, வேலை படுத்துவிடும். வெறும் மண்ணில் பாதி குறையவே 6 முதல் 12 மாதம். புல்தரையில் 3 முதல் 6. அதனால் பாத்தியைச் சும்மா போடாமல் சாமந்தி மாதிரி, சாப்பிடாத செடி ஏதாவது நடுங்க.

பதில் 2: நுண்ணுயிர்க் கல்ச்சர் எது வாங்கினாலும் குழாய்த் தண்ணீரில் நேராகக் கரைக்காதீங்க. இங்கே கிருமிகளைக் கொல்ல குளோராமின் கலந்திருக்கும், அது கல்ச்சரையும் கொல்லும். ராத்திரி முழுக்க வாளியில் வைத்தாலும் போகாது. மழைநீர் நல்லது, இல்லாவிட்டால் வாளிக்கு ஒரு சிட்டிகை விட்டமின் சி. டிரைக்கோடெர்மா இப்போது வீண்செலவு. அதுவே பூஞ்சை, கார்பென்டசிம் அதையும் கொன்றுவிடும்.