எச்ஐவி கிளியா ரியாக்டிவ், ரேபிட் நெகட்டிவ்: வேலூரில் ஆர்என்ஏ பிசிஆர் எங்கே?

காட்பாடி லேப் ஒன்றில் ஒருவருக்கு 4ஆம் தலைமுறை எச்ஐவி கிளியா (லேப் மெஷினில் ஓட்டும் ரத்த டெஸ்ட்) ரியாக்டிவ், அதாவது தொற்று இருக்கலாம் என்ற ரிசல்ட். எஸ்/சிஓ (சிக்னலுக்கும் கட்-ஆஃபுக்கும் உள்ள விகிதம்) 1.6தான், 1.0 தொட்டாலே ரியாக்டிவ் என்று வரும். சந்தேகப்படும் தொடர்பு நடந்து 4 வாரம். பெப் மாத்திரை (தொடர்புக்குப் பிறகு தொற்றைத் தடுக்க எடுப்பது) எடுக்கவில்லை. காய்ச்சல், நெறிகட்டு இல்லை (அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது).

அதே சாம்பிளை மறுபடி சென்ட்ரிஃபியூஜ் செய்து ஓட்டியாச்சு: 1.5. நம்பிக்கை மையத்தில் (அரசு எச்ஐவி பரிசோதனை மையம்) ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ். 2 வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அங்கே போட்ட கிட் ஆன்டிபாடியை (தொற்றை எதிர்த்து உடல் உண்டாக்குவது) மட்டும்தான் பிடிக்கும், கிளியா அதற்கு முன்பே தெரியும் பி24 ஆன்டிஜெனையும் (வைரஸின் புரதம்) பிடிக்கும். ஆக, புதுத் தொற்றா, ஃபால்ஸ் பாசிட்டிவா என்று பிரிக்க முடியவில்லை. வெஸ்டர்ன் பிளாட்டும் ஆன்டிபாடி டெஸ்ட்தான், இப்போது எடுத்தால் காசுக்குத் தண்டம்.

வைரஸையே நேரடியாகத் தேடும் எச்ஐவி-1 ஆர்என்ஏ பிசிஆர் டெஸ்டுக்கு வேலூர், ராணிப்பேட்டை பக்கம் எங்கே ரத்தம் எடுக்கிறார்கள்?