மருந்து அடிக்கும் வேலையும் குழந்தைத் திட்டமும்: எத்தனை நாள் இடைவெளி விடணும்?

நாற்றங்கால்22:
தம்பி முதுகுத் தெளிப்பானில் மருந்து அடிக்கிற வேலை செய்கிறான். கையில் படுவது பெரும்பாலும் குளோர்பைரிபாஸ், கார்பென்டாசிம், மேன்கோசெப். 2 வயதுப் பிள்ளை இருக்கிறது, அடுத்ததற்குத் திட்டமிடுகிறார்கள். எவ்வளவு நாள் முன்பே வேலையை நிறுத்தணும்? மூக்கில் துணி கட்டினால் போதுமா? அவன் உடுப்பை மற்ற துணிகளோடுதான் மிஷினில் போடுகிறார்கள். ரத்தத்தில் விஷம் இருக்கிறதா என்று பார்க்க டெஸ்ட் உண்டா? உடம்பைச் சுத்தம் செய்கிற கஷாயம் குடித்தால் போதும் என்கிறார்கள் சிலர்.

கருவிழி:
ஆணுக்கு 3 மாதம். ஒரு விந்தணு உருவாகி முடிய சுமார் 74 நாள் ஆகும், அது வெளியே வரும் பாதையில் இன்னும் சில நாள். இன்று நிறுத்தினால் அடுத்த மாதம் வெளிவருவது மருந்து பட்ட நாட்களில் உருவானதுதான். விந்தணுப் பரிசோதனையையும் இதே கணக்கில் வையுங்கள்: நிறுத்தி 3 மாதம் கழித்து, 2 முதல் 7 நாள் உறவு இல்லாமல் இருந்து கொடுக்கணும். ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாதீர்கள், இரண்டு தடவையாவது பார்க்கணும்.

ஆனால் 3 மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்பது எல்லா மருந்துக்கும் பொருந்தாது. மண்ணில் வேரைத் தாக்கும் நூற்புழுவைக் கொல்ல விற்ற டி.பி.சி.பி.யைத் தயாரித்த கலிபோர்னியா ஆலையில், தங்களில் யாருக்கும் குழந்தை பிறப்பதில்லை என்பதைத் தொழிலாளர்களே கவனித்துச் சொல்லித்தான் 1977-ல் பரிசோதனை நடந்தது. பலருக்கு விந்தணுவே இல்லை. அது விந்தணுவை மட்டும் அல்ல, அதை உண்டாக்கும் மூல அணுக்களையே கொன்றிருந்தது. அதனால் வேலையை விட்ட பிறகும் சிலருக்குத் திரும்பவில்லை.

உங்கள் பட்டியலில் எனக்கு அதிகம் உறுத்துவது கார்பென்டாசிம். உயிரணு பிரியும்போது நிறக்கோல்களை (குரோமோசோம்களை) இழுக்கும் இழைகளை அது குலைக்கிறது. விலங்குச் சோதனைகளில் விந்தகக் குழாய்களும் கருவும் பாதிக்கப்பட்டன. பூஞ்சாணக்கொல்லிதானே என்று ஆட்கள் இதைத்தான் வெறுங்கையால் கலக்குகிறார்கள்! மேன்கோசெப் சிதைந்து இ.டி.யூ. என்ற பொருளாகும். அது தைராய்டைத் தடுக்கும். முதல் மூன்று மாதம் கருவின் மூளை வளர்வது தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் குளோர்பைரிபாஸ், மேன்கோசெப் இரண்டின் அனுமதியையும் புதுப்பிக்க மறுத்தது.

எந்த டப்பாவானாலும் அதன் பாதுகாப்புத் தகவல் தாளில் 2-ம் பகுதியைப் பாருங்கள். எச் 360 (H360) என்றால் கருவளத்தையோ கருவையோ கெடுக்கக்கூடியது. எச் 361 என்றால் அப்படிச் சந்தேகம் உள்ளது. எச் 362 தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கான எச்சரிக்கை.

தெளிப்பான்காரர்:
மூக்கைவிடத் தோல்தான் பெரிய வாசல். மனிதத் தோலில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியைத் தடவிப் பார்த்த பழைய ஆய்வு ஒன்று உண்டு. முன்கையில் உறிஞ்சியதைப் போல விதைப்பைத் தோல் சுமார் 12 மடங்கு உறிஞ்சியது. இதை வைத்துக்கொண்டு முதுகு டேங்கைப் பாருங்கள்: மூடி வாஷர் தேய்ந்திருந்தால் கசிவு முதுகு வழியாக இடுப்புக்கு இறங்கும். அடித்த செடிக்குள் முன்னோக்கி நடந்தால் தொடையும் கவட்டையும் நனையும். அதனால் வாஷர், ஹோஸ் இணைப்பு, ட்ரிக்கர் வால்வு மூன்றையும் முதலில் வெறும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அடிக்காத பக்கமாகப் பின்வாங்கி நடக்கணும். நாசில் அடைத்தால் வாயால் ஊதவே கூடாது.

கலக்கும் நேரம்தான் மோசம், அப்போது கையில் இருப்பது நீர்க்காத மருந்து. உள்துணி இல்லாத நைட்ரைல் கையுறை, 0.4 மி.மீ. அளவு தடிமனாக வேண்டும். மருத்துவமனைக் கையுறை அதில் கால்வாசிதான் இருக்கும். துணி, தோல் கையுறை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கையில் ஊட்டும். பேன்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்கணும், உள்ளே செருகினால் பூட்ஸ் கிண்ணமாகிவிடும். கழற்றுமுன் கையுறையோடு கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

மூக்குத் துணி நனைந்தால் மருந்தை மூக்கோடு ஒட்டி வைக்கும், அவ்வளவுதான் பயன். ஆவிக்குக் கரி கார்ட்ரிட்ஜ் உள்ள முகக்கவசம், அதன் முன்னால் துகள் வடிகட்டி.

பசுங்கொடி:
உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் துணியில் மருந்து முறிந்துவிடுமே. வாடை போய்விட்டால் போதும் என்று நினைக்கிறேன்.

தெளிப்பான்காரர்:
உப்பு எதையும் முறிக்காது சகோ. வாடை பெரும்பாலும் கரைப்பானுடையது, அது ஆவியானாலும் மருந்து நூலிலேயே இருக்கும். தனி வாளியில் அலசி, மிஷினில் தனியாக, 60 டிகிரி வெந்நீர், தண்ணீர் அளவு முழுசாக, கொஞ்சம் துணி. பிறகு வெறும் மிஷினை ஒரு சுற்று ஓட்டி, துணியை வெயிலில் காயப்போடுங்கள். நீர்க்காத மருந்து கொட்டி ஊறிய துணியைத் துவைக்கவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். துவைக்கும் பொறுப்பு கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்ணுக்கு வேண்டாம், உங்கள் தம்பியே துவைக்கட்டும்.

2 வயதுப் பிள்ளை தரையில் உருண்டு கையை வாயில் வைக்கும். பூட்ஸ் வாசலுக்கு வெளியே, உடுப்பு மாற்றிக் குளித்த பிறகுதான் தூக்கணும். மீந்த மருந்தைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

ஆய்வகமேசை:
டெஸ்ட் பற்றி. குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகளுக்குக் கோலினெஸ்டரேஸ் அளவு பார்க்கலாம். அது ரத்தத்தில் உள்ள ஒரு என்சைம், இந்த மருந்து பட்டால் அதன் செயல்பாடு இறங்கும். சிக்கல் என்னவென்றால் ஆளுக்கு ஆள் இயல்பு அளவு நிறைய மாறும், 'நார்மல்' என்று வந்தாலும் அவருக்கு அது பெரிய இறக்கமாக இருக்கலாம். 30 நாளாவது மருந்து படாமல் இருந்து அடிப்படை அளவு எடுத்து வைக்கணும், ஒப்பிடுவது அதோடுதான். கலிபோர்னியா விதி நல்ல அளவுகோல்: 20% இறங்கினால் வேலைமுறையைச் சோதிக்கணும். சிவப்பணுவில் 30% அல்லது பிளாஸ்மாவில் 40% இறங்கினால் ஆளை மருந்திலிருந்து விலக்கணும்.

கார்பென்டாசிமும் மேன்கோசெப்பும் இந்த டெஸ்டில் தெரியவே தெரியாது. கஷாயத்தால் பயன் இல்லை. இந்த மூன்றும் படுவது நின்றால் பெரும்பகுதி சில நாளில் சிறுநீரில் போய்விடும்.

நாற்றங்கால்22:
நன்றி. ஒருவேளை இப்போதே கருத்தரித்திருந்தால்?

கருவிழி:
பயந்து கலைப்பது வரை யோசிக்க வேண்டாம். எந்த மருந்து, எந்த வாரம், எவ்வளவு பட்டது என்று எழுதி டப்பாவின் லேபிளோடு மருத்துவரிடம் காட்டுங்கள். கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் மூடுவது கருத்தரித்த 28-ம் நாளுக்குள், பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. அதனால்தான் போலிக் அமிலம் 400 மைக்ரோகிராமை ஒரு மாதம் முன்பே தொடங்கச் சொல்கிறோம்.

முதல் மூன்று மாதம் தாண்டிவிட்டது என்று தளர்ந்துவிடவும் கூடாது, மூளை கடைசி வரை வளர்கிறது. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கு ஆய்வில், கர்ப்பத்தில் தாயின் சிறுநீரில் ஆர்கனோபாஸ்பேட் எச்சம் மிக அதிகம் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு 7 வயதில் ஐ.க்யூ. சராசரியாக 7 புள்ளி குறைவு. தொடர்பு என்றுதான் இதைச் சொல்லலாம், ஆனால் காரணம் புரிகிறது: இந்த மருந்துகளை முறிக்க உதவும் பி.ஓ.என்.1 என்சைம் பிறந்த குழந்தைக்குப் பெரியவர்களைவிடப் பல மடங்கு குறைவு.

தாய்ப்பாலை இதற்காக நிறுத்த வேண்டாம். மருந்து அடித்த இடத்துக்குள் லேபிளில் போட்ட மறுநுழைவு நேரம் முடியும்வரை தாய் போகாமல் இருந்தால் போதும்.