சோலார் வீட்டுக்கு கரண்ட் கம்மியா இழுக்குற 4ஜி ரூட்டர் எது?

தாண்டிக்குடி பக்கம் தோட்டத்துக்குள்ள அம்மா இருக்குற வீட்டுக்கு ஈபி லைன் கிடையாது, 12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர் அவர்) பேட்டரியும் சோலார் பேனலும்தான். இப்ப இருக்குற ரூட்டர் 6 வாட்ஸ்தான், ஆனா நாள் முழுக்க ஓடுனா 144 வாட் அவர், அதாவது பேட்டரில 12 ஏஎச் காலி, இதுல இன்வெர்ட்டர் சும்மா ஆன்ல இருக்கறதுக்கே தனியா இழுக்குது. ஐப்பசி கார்த்திகைல மேகம் மூடுச்சுன்னா ராத்திரி லைட்டுக்கே இழுபறி. கூரை ஆன்டெனால மட்டும்தான் டவர் கிடைக்குது, அம்மாகிட்ட பேசறது வைஃபை காலிங்லதான், அதனால ராத்திரி ஆஃப் பண்ண மனசே வரல. இன்வெர்ட்டர் இல்லாம பேட்டரில நேரா குடுக்கலாம்னா சார்ஜ் ஏறுறப்ப 14.4 வோல்ட் வருது, 12 வோல்ட் ரூட்டர் தாங்குமா, இல்ல நடுவுல வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் 12லயே நிறுத்துற பக் பூஸ்ட் கன்வெர்ட்டர் போடணுமா? வெளி ஆன்டெனா மாட்டுற மாதிரி, 5 வோல்ட் யூஎஸ்பில ஓடுற ரூட்டர் யாராவது யூஸ் பண்றீங்களா? மாடல் பேரும் மீட்டர் வச்சு பாத்த வாட்ஸும் சொன்னீங்கன்னா மழைக்கு முன்னாடி மாத்திடுவேன்.