மறு: கால்பந்துக்கு ‘ஆளும் குழு’ சரிப்படுமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

போன வாரம் என் அச்சகத்தில் ஒரு நோட்டீஸ் அடித்தேன். காரைக்குடிப் பையன்கள் நடத்தும் எழுவர் கால்பந்துப் போட்டி. ஒரு விளையாட்டை நடத்தும் அமைப்பை ஆங்கிலத்தில் ‘கவர்னிங் பாடி’ என்பார்கள். அதற்கு நம் குழுமத்தின் சொற்பட்டியல் தரும் ‘ஆளும் குழு’வை நம்பிக் கடைசி வரியில் ‘ஆட்டங்கள் கால்பந்து ஆளும் குழுவின் விதிகளுக்கு உட்பட்டவை’ என்று போட்டுவிட்டேன். செக்காலை டீக்கடையில் ஒட்டி அரை மணி நேரம் ஆகவில்லை, ஒருவர் போனில் வந்தார்: “ஏண்ணே, ஆளுங்கட்சிக்காரங்க நடத்துறதா? வசூலுக்கு வருவாங்களா?”

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கோளாறு அவரிடம் இல்லை, சொல்லில்தான் இருக்கிறது.

> தேவகோட்டை ஐயா எழுதியது: ‘ஆளும் குழு’ கல்லூரிகளில் நன்றாக வழங்கும் சொல். மாற்றத் தேவையில்லை.

ஐயா, கல்லூரியில் அது ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் நாலைந்து பெரியவர்கள். கால்பந்தில் நாம் சொல்ல வருவது மொத்த அமைப்பை. அதற்குள்ளேயே ஒரு செயற்குழு இருக்கிறது. ‘ஆளும் குழுவின் செயற்குழு’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

முதலில், அது ஆளுகிறதா? 1863 அக்டோபர் 26 அன்று லண்டனில், ஃப்ரீமேசன்ஸ் டாவர்ன் என்ற விடுதியில், சில கிளப்காரர்கள் கூடிச் சங்கம் ஆரம்பித்தார்கள். அரசாணை இல்லை, ராணியின் முத்திரை இல்லை. ஆளுக்கொரு விதியில் ஆடினால் யாரும் யாரோடும் ஆட முடியாது, அவ்வளவுதான் சங்கதி. எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைக்கலாமா என்பதில் சண்டை வந்தது. உதைக்கக் கூடாது என்று முடிவானதும் பிளாக்ஹீத் கிளப் கோபித்துக்கொண்டு வெளியேறியது. அந்தச் சங்கத்தின் பெயரில் இன்றுவரை ‘இங்கிலாந்து’ இல்லை. வெறும் ‘தி ஃபுட்பால் அசோசியேஷன்’. முதலில் வந்தவனுக்கு இனிஷியல் எதற்கு?

பத்து வருடம் கழித்து 1873இல் ஸ்காட்லாந்து, பிறகு வேல்ஸ், அயர்லாந்து. 1886இல் நால்வரும் சேர்ந்து ஆட்ட விதிகளுக்கென்றே தனி வாரியம் வைத்தார்கள். இன்று அதில் மொத்தம் 8 ஓட்டு: பிரிட்டனின் நாலு சங்கங்களுக்குத் தலைக்கு ஒன்று, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவுக்கு நாலு. விதி மாற 6 ஓட்டு வேண்டும். ஆக, டெல்லியில் இருக்கும் நம் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் நினைத்தாலும் த்ரோ-இன்னை ஒற்றைக் கையால் எறியலாம் என்று மாற்ற முடியாது. இதையா ஆளும் குழு என்கிறோம்?

பின்னே அதன் வேலைதான் என்ன? பேரேடு வைத்துக்கொள்வது. எந்த ஆட்டக்காரர் எந்தக் கிளப், எந்த நடுவருக்கு என்ன தகுதி, எந்த மாநிலச் சங்கம் உள்ளே, எது வெளியே, நாட்டு அணியாக யாரை அனுப்புவது. ஒருவர் வேறு நாட்டுக் கிளப்புக்குப் போனால், பழைய நாட்டுச் சங்கம் சான்று அனுப்ப வேண்டும். பள்ளிக்கூடத்து டி.சி. மாதிரிதான்.

செட்டிநாட்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவனுக்கு இது புரிய ஒரு நிமிடம் போதும். நகரத்தார் வீட்டுக் கல்யாணத்துக்குக் கோயில் மாலை வந்தாக வேண்டும். இளையாத்தங்குடியோ மாத்தூரோ பிள்ளையார்பட்டியோ, நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் அந்தக் குடும்பம் எந்தக் கோயிலோ அங்கிருந்து. தாலி ஏறியதும் பையன் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பமாக ஒரு கணக்கு. கோயில் கணக்கில் பேர் ஏறும், புள்ளி வரி கட்டுவான். கோயில் அவனை ஆளவில்லை. ஆனால் அந்தப் பேரேட்டில் பேர் இல்லையென்றால் அவன் எந்தக் கணக்கிலும் இல்லை.

2022 ஆகஸ்டில் நடந்ததும் இதுதான். நம் சம்மேளனத்தை நடத்த உச்ச நீதிமன்றம் நிர்வாகிகள் குழு ஒன்றைப் போட்டிருந்தது. சங்கத்துக்குள் வெளியார் கை நுழைந்தது என்று ஃபிஃபா இந்தியாவை இடைநிறுத்தியது. (பத்திரிகைகள் ‘தடை’ என்று போட்டன. அந்தச் சொல் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.) கோகுலம் கேரளா பெண்கள் அணி ஆசியக் கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்டில் போய் இறங்கியே விட்டது. பூட்ஸ் மாட்டத் தயார், ஆட அனுமதி இல்லை. அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. வீட்டுக்கு மாலை வரவில்லை, அவ்வளவுதான். அந்த மாதம் முடியுமுன் இடைநிறுத்தம் நீங்கியது. அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையும் இந்தியாவிலேயே நடந்தது. ஆனால் கோகுலம் பெண்களின் ஆட்டம் போனது போனதுதான்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘சம்மேளனம்’, ‘கூட்டமைப்பு’ இரண்டும் தனித்தனி அமைப்புகளின் பெயருக்குப் பொருந்தும். நமக்கு வேண்டியது எல்லாவற்றுக்கும் பொதுவான சொல். இங்கிலாந்தில் அசோசியேஷன், இந்தியாவில் ஃபெடரேஷன், ஜெர்மனியில் புண்ட். மூன்றும் ஒரே வேலைதான் பார்க்கின்றன. ‘வாரியம்’ கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. தவிர, உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் சபைக்குக் கீழ்ப்பட்ட குழுக்கள்தான். ‘ஆணையம்’ என்றால் அரசாங்கம். ‘கழகம்’ அழகான சொல், 1939 முதல் கம்பன் கழகம் நடக்கிற ஊர்க்காரன் நான், ஆனால் கால்பந்தில் அது கிளப்புக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

என் முன்மொழிவு: தாய்ச்சங்கம். கீழே இருப்பவை இணைவுச் சங்கங்கள்.

அன்புடன்,
முத்துப்பட்டணம் அச்சகக்காரன்

* * *

தம்பிக்கு,

மாலையும் புள்ளியும் நன்றாக இருந்தது. தாய் மட்டும் சரியில்லை.

வரலாற்றைத் திருப்பிப் பாருங்கள். கல்கத்தாவில் இந்தியன் ஃபுட்பால் அசோசியேஷன் 1893இலேயே இருக்கிறது. மோகன் பகான் 1911இல் வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியை 2-1 என்று ஜெயித்துக் கேடயம் வாங்கியதும் அந்தச் சங்கத்தின் போட்டியில்தான். அகில இந்தியச் சம்மேளனம் சிம்லாவில் உண்டானதோ 1937இல். ஃபிஃபாவில் சேர்ந்தது 1948இல். இன்று அந்த ‘இந்தியன்’ அசோசியேஷன் மேற்கு வங்கத்தின் மாநிலச் சங்கம்! மூத்த பிள்ளைக்கு நாற்பத்து நாலு வயதான பிறகு பிறந்த தாயா?

ஃபிஃபாவும் அப்படித்தான். 1904இல் பாரிஸில் ஏழு நாட்டார் கூடி உண்டாக்கியது. ஸ்பெயினுக்கு அப்போது சங்கமே கிடையாது, ஒரு மாட்ரிட் கிளப்பின் பேரால் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். எல்லாமே பிள்ளைகள் கூடி மேலே ஒன்றை வைத்துக்கொண்ட கதை. தலைவரை வைத்துக்கொள்ளலாம், தாயை வைத்துக்கொள்ள முடியுமா?

‘தலைமைச் சங்கம்’ போதாதா? டீக்கடைக்காரருக்கும் புரியும்.

கோனாபட்டு ஆச்சி

* * *

> ‘தலைமைச் சங்கம்’ போதாதா?

ஆச்சி, தோற்றுப்போனேன். தாய்ச்சங்கம் என்று எழுதும்போது 1893 எனக்கு ஞாபகம் வரவில்லை.

‘தலைச்சங்கம்’ என்று சுருக்கலாமே என்று தேவகோட்டை ஐயா தனிமடலில் கேட்டிருக்கிறார். சுருக்கினால் மாநிலம் இடைச்சங்கம், மாவட்டம் கடைச்சங்கம் ஆகிவிடும். மாவட்டச் செயலாளர் என் கடைக்கே வந்து சண்டை போடுவார். தலைமைச் சங்கமாகவே இருக்கட்டும். நாட்டளவில் ‘நாட்டுத் தலைமைச் சங்கம்’, ஃபிஃபாவுக்கு ‘உலகத் தலைமைச் சங்கம்’. இணைவு, இணைவுச் சங்கம் இரண்டையும் யாரும் மறுக்கவில்லை, பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

நோட்டீஸைத் திருத்தி இன்று காலை மறுபடி அடித்தேன்: ‘ஆட்டங்கள் கால்பந்துத் தலைமைச் சங்கத்தின் விதிப்படி நடைபெறும்.’ வாங்க வந்த பையன் படித்துப் பார்த்தான். “இது ஓகேண்ணே. ரெண்டாம் தடவை அடிச்சதுக்குக் காசு கேப்பீங்களா?” என்றான்.

கேட்கவில்லை. குழுமத்தின் கணக்கில் எழுதிவிட்டேன்.