குகை வீட்டு உறவுகள் (சேலம் குகைப் பகுதி வீட்டின் குடும்பக் குழு)

கார்த்தி: இடித்த வீட்டு மரமெல்லாம் கன்னங்குறிச்சிக்கு வந்துவிட்டது. கிரகப்பிரவேசத்துக்குள் ஹால் சுவருக்கு அதில் ஒரு அலங்காரப் பலகை செய்யப் போகிறேன், 4 அடிக்கு 3 அடி. யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?

ராணி அத்தை: ஊஞ்சல் பலகை எங்கே கண்ணு

கார்த்தி: அது வரவில்லை அத்தை

ராணி அத்தை: எப்படி வரும். யார் வீட்டில் ஆடுகிறது என்று ஊருக்கே தெரியும்

சுந்தரம் சித்தப்பா: கார்த்தி, முதலில் காந்தம் வைத்துத் தடவிப் பார், உள்ளே ஒடிந்த ஆணி ஒன்று இருந்தாலும் இழைக்கிற மிஷினில் பிளேடு போய்விடும். வாசல் நிலையில் இருக்கிற பழைய பச்சைப் பெயிண்டைத் தேய்க்கவே தேய்க்காதே, அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், வீட்டில் கைக்குழந்தை. மற்றதை இழைத்துவிட்டு உப்புத்தாள் 80, 120, 220 நம்பர் என்று வரிசையாகப் போடு. அப்புறம் 12 மி.மீ. பிளைவுட்டில் ஒட்டு. எல்லாம் சேர்ந்து 15 கிலோ தாண்டும், ஒற்றை ஆணியில் மாட்டிவிடாதே. ஒரு சட்டத்தை நீளவாக்கில் சாய்வாக இரண்டாக அறுத்து, ஒன்றைச் சுவரிலும் ஒன்றைப் பலகை முதுகிலும் திருகினால் கவ்விக்கொள்ளும். கடைசியில் மெருகுக்கு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) பூசினால், அதைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதே, தானாகத் தீப்பிடிக்கும்.

மாலதி: சித்தப்பா 😂😂 மூச்சு விடுங்கள்

மாலதி: தானாகவா??

சுந்தரம் சித்தப்பா: அந்த எண்ணெய் காற்றுப் பட்டுக் காயும்போது சூடாகும் அம்மிணி. சுருட்டினால் சூடு உள்ளேயே நிற்கும். கொடியில் விரித்துக் காயப்போட வேண்டும்.

பிரபு (ஏற்காடு): மரம் பத்தாவிட்டால் சொல். எஸ்டேட்டில் காற்றுக்கு விழுந்த சில்வர் ஓக் கிடக்கிறது

சுந்தரம் சித்தப்பா: பச்சை மரம் வேண்டாம். காயக்காய முறுக்கிக்கொள்ளும்

மாலதி: பிரபு அண்ணா காபித்தூள்?

ராணி அத்தை: எனக்கும் 1 கிலோ. சிக்கரி கலக்காமல்

விஜயா பெரியம்மா: நடுவில் கஜலட்சுமி வைக்கலாமே. தம்மம்பட்டியில் சொன்னால் செதுக்கித் தருவார்கள்

மாலதி: 12ஆம் தேதிக்குள்ளா பெரியம்மா

ராஜு பெரியப்பா: உத்தரத்தில் கை வைக்காதே. அது என் பங்கு

கார்த்தி: நீங்கள்தானே பெரியப்பா எடுத்துக்கொள்ளச் சொன்னீர்கள்

ராஜு பெரியப்பா: கூரைக் கைமரத்தைச் சொன்னேன்

சுந்தரம் சித்தப்பா: அண்ணா, கைமரமும் தேக்குதான். அதுவே போதும்

ராஜு பெரியப்பா: நான் உன்னிடம் கேட்கவில்லை

கார்த்தி: சரி, ஞாயிறு வந்து பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை ஆணி மட்டும் பிடுங்குகிறேன்

விஜயா பெரியம்மா: ஞாயிறு நாங்கள் ஊரில் இல்லை

பிரபு (ஏற்காடு): சிக்கரி இல்லாமல் மொத்தம் எத்தனை கிலோ?